சிறை சென்ற மேயரும் வேலியிட்ட பூங்காவும்



லண்டன் மாநகரின் கிழக்கே விக்டோரியா பூங்கா என்றொரு பெரும்பூங்கா இருக்கிறது. சீமான் எவரும் மனமிரங்கித் தானமாகத் தந்ததல்ல அது. ஆலைப் புகையிலும் சாக்கடை நாற்றத்திலும் மூச்சுத் திணறிக் கிடந்த கிழக்கு லண்டன் மக்களுக்கு நல்ல காற்று வேண்டும், கால் வீசி நடக்க இடம் வேண்டும் என்று 1840-இல் 30,000 பேர் கையொப்பமிட்டு அரசிக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது, நிலம் வாங்கப்பட்டது. 1845-இல் மக்கள் உள்ளே நுழைந்தார்கள். வாரம் முழுவதும் கப்பல் துறையில் மூட்டை சுமந்தவன், ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களோடு அங்கே போனான்; புல்தரையில் படுத்தான்; மரத்தடியில் நின்று முழங்கிய சோஷலிசப் பேச்சாளர்களின் சொற்பொழிவைக் கேட்டான். அவனிடம் சீட்டு எங்கே என்று கேட்டவர் எவருமில்லை.

இப்போதோ, கோடைக்காலம் வந்ததும் அதே பூங்காவின் ஒரு பெரும்பகுதியைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலே தகடுகளால் வேலி எழும்புகிறது. உள்ளே மேடை, விளக்கு, இடியென முழங்கும் ஒலிபெருக்கி, வாயிலில் காவலர், நுழைவதற்கு விலைச்சீட்டு. 2018-இல் தொடங்கிய பெரியதோர் இசை விழா அது; விழா நடத்துவது நிறுவனம், வாடகை வாங்குவது நகர்மன்றம். வடக்கு லண்டனில் ஃபின்ஸ்பரி பூங்காவில் 2014 முதல் இதே காட்சி. அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பூங்காவின் ஒரு பகுதியை இப்படி அடைத்துக்கொள்ள நகர்மன்றத்துக்குச் சட்டம் இடம் தருகிறது என்று தீர்ப்பளித்துவிட்டது. தெற்கே பிராக்வெல் பூங்காவில் மட்டும் 2025 மே மாதத்தில் வழக்குத் தொடுத்த பெண்மணி வென்றார். அங்கே நகர்மன்றம் எடுத்த முடிவு செல்லாது என்றது உயர்நீதிமன்றம். ஆனால் வேலி இறங்கவில்லை; விழாக்கள் நடந்தேறின!

நகர்மன்றங்களுக்கு ஏன் இந்தக் கோலம்? பணத்தாசையா? அப்படிச் சொல்லிவிட்டால் எளிது; ஆனால் நியாயமாகாது. 2010-க்குப் பிறகு நடுவண் அரசு நகர்மன்றங்களுக்குத் தந்துவந்த மானியத்தைப் பெருமளவு வெட்டியது. முதியோரைப் பேணு, ஆதரவற்ற குழந்தைகளைப் பேணு என்று சட்டம் கட்டளையிடுகிறது. பூங்காவைப் பேணு என்று கட்டளையிடும் சட்டம் எதுவும் அங்கே இல்லை. கத்தி எங்கே விழும்? கட்டளை இல்லாத இடத்திலேதான் விழும். தோட்டக்காரருக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லாத நகர்மன்றம், பூங்காவைப் பார்த்து, உன் சோற்றை நீயே சம்பாதித்துக்கொள் என்று சொல்லிவிட்டது. பால் வற்றிய தாய் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதுபோல!

இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு பெரியவரின் நினைவு வருகிறது. இரட்டைக் கன்ன மீசை, பருத்த உடல், கணீரென்ற குரல். விக்டோரியா பூங்காவை அடுத்த போ என்னும் வட்டாரத்திலே வாழ்ந்தவர். நகர்மன்றத்தின் பணப்பைக்காகச் சிறை சென்றவரும் அவர்தான். அமைச்சர் நாற்காலியில் அமர்ந்ததும் அரச பூங்காவின் கதவைக் கூலிக்காரன் குழந்தைக்காக அகலத் திறந்தவரும் அவர்தான். ஜார்ஜ் லான்ஸ்பரி என்பது பெயர்.

1859-இல், சஃபோக் என்னும் நாட்டுப்புறப் பகுதியில் பிறந்தார். தந்தை இருப்புப்பாதை போடும் இடங்களில் வேலை பார்த்தவர். பாதை நீள நீளக் குடும்பமும் ஊர் ஊராக நகர்ந்தது. கடைசியில் கிழக்கு லண்டனில் தங்கியது. பள்ளிப்படிப்பு சிறுவயதிலேயே முடிந்து, கணக்கு எழுதும் பையனாகவும் நிலக்கரி இறக்கும் கூலியாகவும் வாழ்வு தொடங்கிற்று. 1880-இல் பெஸ்ஸி என்னும் பெண்ணை மணந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போனால் அள்ளிக்கொண்டு வரலாம் என்று அந்நாளில் பசப்பு விளம்பரம் செய்தார்கள். அதை நம்பி 1884-இல் மனைவி குழந்தைகளோடு கப்பல் ஏறினார். அங்கே கண்டதோ வெயிலும் வேலையின்மையும். மறு ஆண்டே திரும்பி வந்தார். மாமனாரின் மரம் அறுக்கும் பட்டறை சோறு போட்டது. திரும்பி வந்தவர் சும்மா இருந்தாரா? ஏழைகளை ஏமாற்றிக் கப்பல் ஏற்றும் அந்தப் பசப்பைக் கண்டித்து மேடை ஏறினார். பொதுவாழ்வின் முதற்படி அது.

தாராளவாதக் கட்சியில் தேர்தல் பணியாளராக இருந்து, அங்கே பாட்டாளிக்கு இடமில்லை என்று கண்டு, 1892-இல் வெளியேறிச் சோஷலிசவாதியானார். மறு ஆண்டு பாப்லர் வட்டாரத்தின் ஏழைகள் பராமரிப்புக் குழுவுக்கு உறுப்பினரானார். தோழர்கள் இந்தக் குழுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையற்றவனையும் வயோதிகரையும் அந்நாட்டிலே ஏழை விடுதி என்ற பெயரில் ஒரு சிறையில் அடைத்து வைப்பார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். ஏழையாய்ப் பிறந்தது குற்றம். அதற்குத் தண்டனை அந்த விடுதி. லான்ஸ்பரி உள்ளே போய்ப் பார்த்தார். கஞ்சியிலே எலிப்புழுக்கை மிதந்தது. கொதித்தார்! உணவை மாற்றினார்; உடையை மாற்றினார்; அங்கிருந்த குழந்தைகளை எசெக்ஸ் நாட்டுப்புறத்தில் ஹட்டன் என்னும் இடத்தில் வயல்வெளிக்கு நடுவே கட்டிய பள்ளிக்கு அனுப்ப வழி செய்தார். ஏழைப் பிள்ளைக்கு இத்தனை செலவா என்று கூச்சலிட்டார்கள். தன் பிள்ளைக்கு எது வேண்டுமோ அதுவே ஏழை பிள்ளைக்கும் வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கை அவர் கடைசிவரை மாற்றவில்லை.

1910-இல் நாடாளுமன்றம் சென்றார். பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கப்படுவதைப் பொறுக்காமல் 1912-இல் பதவியை உதறிவிட்டு, அந்த ஒரே கேள்வியை முன்வைத்து மீண்டும் போட்டியிட்டார், தோற்றார். 1913-இல் அதே கிளர்ச்சிக்காகச் சிறை சென்று உண்ணாநோன்பு இருந்தார். அந்த ஆண்டே டெய்லி ஹெரால்ட் ஏட்டின் ஆசிரியர் பொறுப்பு. பணமுதலைகளின் ஏடுகளுக்கு நடுவே தொழிலாளர் ஏடு ஒன்றை நடத்துவது என்றால் என்ன பாடு என்பதை நாம் சொல்லியா தோழர்களுக்குத் தெரியவேண்டும்? காகிதக் கடன், அச்சுக்கூலி, அடுத்த நாள் ஏடு வருமா என்ற கவலை, எல்லாம் பட்டார். இந்தியாவின் விடுதலைக்காகவும் குரல் கொடுத்தவர் என்பது நம் நாட்டார் மறக்கக்கூடாத செய்தி.

இனி நாம் சொல்ல வந்த கதை.

1919 நவம்பரில் பாப்லர் நகர்மன்றத் தேர்தல். 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி பிடித்தது. துறைமுகத் தொழிலாளி, இருப்புப்பாதைத் தொழிலாளி, தபால்காரர், குடும்பப் பெண்கள், இவர்கள் போய் மன்றத்தில் அமர்ந்தார்கள். முதல் தொழிற்கட்சி மேயர் லான்ஸ்பரி. வீடு கட்டினார்கள், குளிப்பிடங்களையும் நூலகத்தையும் திருத்தினார்கள், தாய்சேய் நலம் கவனித்தார்கள். நகர்மன்றத் தொழிலாளிக்கு வாரம் 4 பவுனுக்குக் குறையாத கூலி என்று 1920-இல் விதித்தார்கள். ஆணுக்கு 4 பவுன் என்றால் பெண்ணுக்கும் 4 பவுன்!

சிக்கல் வரியிலே வந்தது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இது புரிந்தால் பூங்காவின் வேலியும் புரிந்துவிடும்.

அங்கே நகர்மன்ற வரி என்பது வீட்டின் வாடகை மதிப்புக்கு ஏற்ப விதிப்பது. மதிப்பு ஒரு பவுனுக்கு ஒரு பென்னி என்று வரி போட்டால், மாளிகைகளும் பெருங்கடைகளும் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறத்தாழ 30,000 பவுன் கிடைக்கும். அதே ஒரு பென்னியைப் பாப்லரில் போட்டால் மூவாயிரத்துச் சொச்சம்தான்! ஆனால், வேலையற்றவனுக்கு உதவி தரும் செலவு யார் தலையில்? அந்தந்த வட்டாரத்தின் தலையில். வேலையற்றவர்கள் எங்கே குவிந்திருந்தார்கள்? வெஸ்ட்மின்ஸ்டரிலா? பாப்லரில்! 1920 இறுதியில் தொடங்கிய மந்தத்தில் கப்பல் துறையே வெறிச்சோடிற்று. ஆக, எங்கே ஏழைகள் அதிகமோ அங்கே செலவு அதிகம். எங்கே செலவு அதிகமோ அங்கே வரி அதிகம். அந்த வரியைக் கட்டவேண்டியவனும் ஏழை. பணக்கார வட்டாரத்துக்கு இலேசான வரி, ஏழை வட்டாரத்துக்கு எலும்பை நொறுக்கும் வரி. இதற்கு மேல், லண்டன் மாவட்ட மன்றத்துக்கும் காவல்துறைக்கும் குடிநீர் வாரியத்துக்கும் பாப்லர் தன் பங்கை வசூலித்துக் கட்டியாக வேண்டும்.

1921 மார்ச் மாதத்தில் பாப்லர் மன்றம் கூடி ஒரு முடிவெடுத்தது. எங்கள் ஏழைகளுக்கு உதவி தருவோம். எங்கள் தெருக்களைக் கவனிப்போம். மேலே உள்ள அமைப்புகளுக்கு வசூலித்துத் தரும் வரியை மட்டும் விதிக்கமாட்டோம். லண்டனின் சுமையை லண்டன் முழுதும் பகிர்ந்து சுமக்கட்டும், அதன் பிறகு பேசலாம். இதுதான் முடிவின் சாரம்.

நீதிமன்றம் அழைத்தது. 1921 ஜூலை 29 அன்று பாப்லரிலிருந்து உயர்நீதிமன்றத்துக்கு நடந்தே புறப்பட்டார்கள். முன்னால் மேயரின் செங்கோலை ஏந்திய சேவகன், பின்னால் உறுப்பினர்கள், அவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் பொதுமக்கள், வாத்தியம் முழங்கிற்று. நீதிமன்றத்துக்குப் போகிறோம், அங்கிருந்து சிறைக்கும் போகலாம் என்று பொருள்பட எழுதிய பதாகை நடுவே ஆடிற்று. நீதிபதிகள் வரி விதிக்க ஆணையிட்டார்கள். உறுப்பினர்கள் மறுத்தார்கள். செப்டம்பர் முதல் நாளிலிருந்து கைது தொடங்கியது. மொத்தம் 30 பேர். ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறைக்கு. பெண்கள் ஐவர் ஹாலோவே சிறைக்கு. லான்ஸ்பரியோடு அவர் மகன் எட்கரும், எட்கரின் மனைவி மின்னியும் உள்ளே போனார்கள். ஐந்து பெண்களில் ஒருவர் கர்ப்பிணி!

சிறைக்குள்ளேயே நகர்மன்றக் கூட்டம் நடத்த அனுமதி வாங்கினார்கள் அந்தக் கெட்டிக்காரர்கள். ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்களை வண்டியில் ஏற்றிப் பிரிக்ஸ்டனுக்குக் கொண்டுவருவார்கள். கூட்டம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோவார்கள். மாலை வேளைகளில் சிறைச்சுவருக்கு வெளியே மக்கள் திரள்வார்கள். அறுபதைத் தாண்டிய லான்ஸ்பரி அறைச் சன்னலின் கம்பிக்குப் பின்னால் நின்று பேசுவார். அதிகாரிகள் என்ன செய்வார்கள்? ஏற்கனவே சிறையில் இருப்பவரை வேறு எங்கே கொண்டுபோய் அடைப்பது?

பக்கத்திலிருந்த ஸ்டெப்னி, பெத்னால் கிரீன் மன்றங்களும் நாங்களும் அதே வழி என்றன. அரசு ஆட்டங்கண்டது. அக்டோபர் 12-இல் எல்லோரையும் விடுவித்தார்கள். அதே ஆண்டு சட்டம் வந்தது: ஏழைகளுக்கு வீட்டிலிருந்தபடி தரும் உதவியின் செலவை லண்டன் முழுதும் பகிர்ந்து சுமக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையின் பென்னி பாப்லர் குடிசைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் மின்னி லான்ஸ்பரி வாழவில்லை. சிறையில் நலிந்த உடல், நுரையீரல் காய்ச்சல், 1922 ஜனவரி முதல் நாள் மறைந்தார். வயது 32.

வெற்றி முழுமையானதா என்றால், இல்லை. அந்த 4 பவுன் கூலி நீதிமன்றப் படிகளில் ஏறிக்கொண்டே போய், 1925-இல் பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் போயிற்று. வரி கட்டுவோர் பணத்தை இப்படித் தாராளமாகக் கூலி கொடுக்க மன்றத்துக்கு உரிமையில்லை என்று விட்டார்கள். மன்றத்தின் பணம் பொதுமக்கள் ஒப்படைத்த பணம், பார்த்துச் செலவழிக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஒப்புக்கொள்வோம். பூங்காவும் பொதுமக்கள் ஒப்படைத்த சொத்துத்தானே? கூட்டிப் பெருக்குபவனுக்கு நாலு பவுன் கொடுத்தபோது விழித்துக்கொண்ட சட்டம், புல்தரையைச் சுற்றித் தகடு எழுந்தபோது ஏன் கண்ணை மூடிக்கொண்டது?

1929-இல் மக்டொனால்டு தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. லான்ஸ்பரிக்குக் கிடைத்தது பொதுப்பணித் துறை. கட்டடங்களையும் அரச பூங்காக்களையும் பார்த்துக்கொள்ளும் துறை. பெரிய பணமோ அதிகாரமோ இல்லாத துறை. கருவூலச் சாவியை வைத்திருந்த ஸ்னோடன், அதே கட்சிக்காரராயினும், ஒரு பென்னிக்கும் இரண்டு முறை யோசிப்பவர். கிழவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டோம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் அந்த மூலையில்தானே ஹைட் பூங்கா இருந்தது!

ஹைட் பூங்கா என்றால் என்ன? சீமான்களும் சீமாட்டிகளும் குதிரையேறிப் பவனி வரும் இடம். நடுவே செர்ப்பன்டைன் என்னும் நீண்ட ஏரி. விடியற்காலையில் ஆண்கள் சிலர் நீந்தலாம், அவ்வளவுதான். லான்ஸ்பரி அங்கே கரையைச் சீர்செய்து, உடை மாற்றும் இடம் அமைத்து, ஆணும் பெண்ணும் குழந்தையும் சேர்ந்து நீராடலாம் என்றார். 1930 ஜூனில் திறந்தார்கள். கூட்டம் அலைமோதிற்று! லான்ஸ்பரி நீச்சல்துறை என்று மக்களே பெயர் வைத்துவிட்டார்கள். மற்ற பூங்காக்களில் குழந்தைகள் விளையாட மணற்குழி, கால் நனைக்கும் குட்டை, ஊஞ்சல், சிறு படகு. கடற்கரைக்குப் போக வண்டிச்சத்தம் இல்லாத வீட்டுக் குழந்தைக்குக் கடற்கரையையே ஊருக்குள் கொண்டுவந்தார்.

விட்டார்களா சீமான்கள்? பூங்காவின் அமைதி போயிற்று, அழகு போயிற்று, சந்தைக்கடை ஆயிற்று என்று கூப்பாடு போட்டார்கள். அரசர் ஐந்தாம் ஜார்ஜுக்கு இந்தச் சிவப்புக் கிழவரைப் பிடிக்காது என்று எதிர்பார்த்தார்கள்; பூங்கா வேலையாகச் சந்தித்துப் பேசிப் பேசி இருவரும் நன்றாகவே பழகிவிட்டார்கள்!

இந்த இடத்தில் ஒரு சிக்கலான கேள்வி எழுகிறது, நாமே கேட்டுவிடுவோம். இன்று பூங்காவில் இசை விழா நடத்துவோரும் இதைத்தான் சொல்கிறார்கள். இரைச்சல் என்று குறைகூறுவோர் பூங்காவை ஒட்டிய விலையுயர்ந்த வீட்டுக்காரர்கள். இளைஞர்கள் ஆடிப்பாடுவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. லான்ஸ்பரி காலத்துச் சீமான்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள், என்று. அதில் துளி உண்மை இருக்கவும் கூடும். நாம் இரைச்சலுக்குப் பகைவர் அல்லர். பொதுக்கூட்டம் போடுகிற நாமா இரைச்சலைப் பழிப்பது! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லான்ஸ்பரி பூங்காவுக்குள் இரைச்சலைக் கொண்டுவந்தார், கூட்டத்தைக் கொண்டுவந்தார், வேலியைக் கொண்டுவரவில்லை. அவர் கூட்டியது, அதுவரை வெளியே நின்றவர்களை. இன்றைய தகடு வெளியே நிறுத்துவது, அதுவரை உள்ளே இருந்தவர்களை. சீட்டின் விலை கொடுக்க முடியாத பாப்லர்க் குழந்தை, தன் பூங்காவிலேயே அயலானாகிறது. அந்த வாடகைப் பணத்தில்தான் மிச்சமுள்ள நாட்களுக்குப் புல் வெட்டுகிறோம் என்கிறது நகர்மன்றம். அதுவும் பொய்யில்லை. வெஸ்ட்மின்ஸ்டரின் பென்னியைக் கேட்டுப் பெறுவதற்குப் பாப்லரில் முப்பது பேர் இருந்தார்கள். கேட்க ஆளில்லாவிட்டால் பூங்காவைத்தான் வாடகைக்கு விடவேண்டும்.

மீதிக் கதையை விரைந்து முடிப்போம். 1931-இல் வேலையற்றோர் எண்ணிக்கை 25 இலட்சத்தைத் தாண்டியபோது, அவர்களுக்குத் தரும் உதவித்தொகையை வெட்ட மக்டொனால்டு முனைந்தார். எதிர்த்த ஒன்பது அமைச்சர்களில் லான்ஸ்பரி ஒருவர். அடுத்த தேர்தலில் கட்சி நொறுங்கியது. அமைச்சரவையில் இருந்தவர்களில் கட்சியின் பக்கம் நின்று வென்று வந்தவர் அவர் ஒருவரே. சிதறிய படைக்கு நாலாண்டு தலைமை தாங்கினார். போர் என்ற சொல்லையே வெறுத்தவர். அந்தக் கொள்கை 1935-இல் கட்சி மாநாட்டில் மோதலாகி, தலைமையைத் துறந்தார். 1937-இல் நேரே போய் இட்லரையும் முசோலினியையும் கண்டு சமாதானம் பேசினார். இந்த இடத்தில் அவரை நாம் போற்றமாட்டோம். பாப்லரின் ஏழைக்கு இரங்கிய உள்ளம் இட்லரிடமும் இரக்கம் இருக்கும் என்று நம்பியது, ஏமாந்தது. அதே காலத்தில் பாப்லருக்கு இரண்டாம் முறையும் மேயரானார் என்பதையும் சொல்லவேண்டும்.

1940 மே 7-இல் மறைந்தார். சாம்பலைக் கடலில் தூவச் செய்தார்கள். அதுவே அவர் விருப்பம். போ சாலையில் அவர் நெடுங்காலம் வாழ்ந்த வீட்டைப் போரின் குண்டு தகர்த்தது. 1951-இல் பாப்லரில் எழுந்த பெரிய குடியிருப்புக்கு லான்ஸ்பரி என்று பெயரிட்டார்கள்.

ஹைட் பூங்காவில் அவர் திறந்த நீச்சல்துறை இன்றும் இருக்கிறது. குளிர்காலம் வந்தால், அதே பூங்காவில் தகடுகளுக்கு உள்ளே இராட்டினங்கள் சுழல்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் காசு. கிழக்கே, பாப்லர் 1965-இல் டவர் ஹேம்லட்ஸ் என்ற பெரிய வட்டாரத்தோடு இணைந்துவிட்டது. விக்டோரியா பூங்காவை வாடகைக்கு விடுவது இன்று அந்த மன்றம்தான். லான்ஸ்பரி குடியிருப்பிலிருந்து பூங்காவுக்குச் சிறிது தூரந்தான். ஆகஸ்டு மாதத்தில் போனால், வேலிக்கு வெளியே நின்று பாட்டைக் கேட்கலாம்.